ஆமோனின் செருமல்

ஆமோன் ஹெர்ஷ்பெர்கர் தொண்டையைச் செருமினால்தான் அந்த வீட்டில் யாரும் கரண்டியைத் தொடலாம். அவர்கள் வாய்விட்டு ஜெபிப்பதில்லை. உட்கார்ந்ததும் கைகளை மடியில் வைத்துத் தலையைக் குனிந்துகொள்வார்கள். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். வீட்டுத் தலைவர் முடித்தால்தான் எல்லாருக்கும் முடிந்தது. சில வீடுகளில் நாற்காலியை நகர்த்துவார்கள், சில வீடுகளில் பெருமூச்சு விடுவார்கள். ஆமோன் ‘ம்க்கும்’ என்று ஒருதரம் செருமுவார். எல்லாத் தலையும் ஒன்றாக நிமிரும், உருளைக்கிழங்கு மசியல் பாத்திரம் கைமாறத் தொடங்கும்.

நான் அவர்கள் ஆள் இல்லை. வேன் ஓட்டுகிறவன். ஆமிஷ்காரர்கள் பழைய முறை மாறாத கிறிஸ்தவர்கள். கார் ஓட்ட மாட்டார்கள், ஆனால் ஏறி உட்காருவார்கள். குதிரை வண்டியில் போக முடியாத தூரத்துக்கெல்லாம் ஹோம்ஸ் கவுண்டியில் இருபத்திரண்டு வருஷமாக என் வேன்தான். என் மனைவி டோரத்தி போனபிறகு ஆண்டவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனாலும் ஆமோனின் மனைவி மலிண்டா செய்கிற கோழி நூடுல்ஸுக்காக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தலையைக் குனிந்திருக்க நான் தயார். அதை அவளிடமே சொல்லியிருக்கிறேன்.

ஜூன் மாதம், முதல் அறுப்புப் புல் பரணேறிய நாட்களில், ஆமோன் விழுந்தார். தொழுவத்துக்கு மேலே பரண். மாடுகளுக்குப் புல் தள்ளிவிடுவதற்காகப் பரணின் நடுவில் ஒரு சதுர ஓட்டை, அதை மூட ஒரு பலகை. அன்று விடிந்ததும் ஆமோன் பின்பக்கமாக நடந்துகொண்டே புல்லை இழுத்திருக்கிறார். ஓட்டை திறந்து கிடந்தது. கீழே சிமெண்டுத் தரை.

இரண்டு அறுவை சிகிச்சை ஆயிற்று. மூன்றாவது வாரம் என் வேனில் மெத்தை போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. ‘வரலாம், வராமலும் போகலாம், பொறுத்துத்தான் பார்க்கவேண்டும்’ என்று டாக்டர் சொன்னார். சமையலறையை ஒட்டிய அறையில் கட்டில் போட்டார்கள். ஆமோன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொடுத்தால் சாப்பிட்டார், கேட்டால் ஒரு வார்த்தை சொன்னார். போதகர் இரண்டு தடவை வந்து சுவரோடு பேசிவிட்டுப் போனார்.

மேசையில் ஜெபத்தை முடிக்கிற வேலை மலிண்டாவுக்கு வந்தது. அவள் அதைப் பறந்துகொண்டு முடித்தாள். குனிந்த தலை குனிந்தபடி இருக்க விடமாட்டாள். நான் ஒருநாள் எண்ணிப் பார்த்தேன், ஆறு வருவதற்குள் நிமிர்ந்துவிட்டாள். ஆமோனின் அக்கா சலோமா அடுத்த பண்ணையில் இருக்கிறாள். வாய்த்துடுக்குக்காரி. அவள்கூட ஒருநாள் கேட்டுவிட்டாள்.

“என்னடி மலிண்டா, ஆண்டவர் வாசலுக்கு வர்றதுக்குள்ள கதவைச் சாத்திப்புடுறே?”

“வேலை கெடக்கு அண்ணி.”

“அவருக்கும்தான் வேலை கெடக்கு. ஒரு நிமிசம் உக்காரக் கூடாதா?”

மலிண்டா அதற்குள் எழுந்து அடுப்புப் பக்கம் போய்விட்டாள். அவளுக்கு உட்காரவே தெரியாமல் போய்விட்டது. பதினெட்டு மாடுகளைக் காலையும் மாலையும் மூத்தவள் ரோடாவோடு சேர்ந்து கையால் கறந்தாள். ரோடாவுக்குப் பதின்மூன்று வயது, அடுத்த இரண்டும் இன்னும் பொடிசுகள். தோட்டம், துணி, ரொட்டி, பீன்ஸ் பதப்படுத்துவது, ஆமோனைப் புரட்டிப் போட்டு உடம்பு துடைப்பது, எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டாள். உதவிக்கு யார் வந்தாலும் வாசலிலேயே நன்றி சொல்லித் திருப்பி அனுப்பினாள். இந்த ஊரில் அது லேசில் நடக்கிற காரியம் இல்லை. ஒரு வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் பத்து வீடு வந்து நிற்கும், நிற்காதே என்று சொல்வது மரியாதைக் குறைவு. மலிண்டாவின் முகம் வற்றி, தொப்பிக்குக் கீழே கண் இரண்டும் குழிக்குள் போய்விட்டது. எனக்குக் கோபம்தான் வந்தது. நல்ல சமையல்காரி இப்படித் தன்னையே எரித்துக்கொண்டால் யாருக்குத்தான் வராது.

ஐந்தாவது வாரம் மறுபடி டாக்டரிடம் கூட்டிப்போனேன். அதே பதில்தான். திரும்பும் வழியில் பெட்ரோல் போட நிறுத்தினேன். ஆமோன் பின்னால் மெத்தையில் கண்ணை மூடிக் கிடந்தார். மலிண்டா இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றாள். காப்பி வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் பிடித்துக்கொண்டே நின்றாள்.

“வாலஸ், நீங்க எங்க சபை இல்லைல்ல?”

“எந்தச் சபையும் இல்லம்மா.”

“அப்ப உங்ககிட்ட சொல்லலாம். அந்தப் பலகையை மூடாம வந்தது நான்தான்.”

நான் பெட்ரோல் குழாயைப் பிடித்தபடி நின்றேன்.

“அன்னிக்கு முதல்ல மேல போனது நான். மாட்டுக்குப் புல்லு தள்ளிவிட்டேன். சின்னவ அழுதா, அப்படியே இறங்கி ஓடிட்டேன். மூடிட்டுப் போறதுக்கு எவ்ளோ நேரம் ஆகும், சொல்லுங்க? காலால தள்ளுனா மூடிக்கும்.”

“ஆமோனுக்குத் தெரியுமா?”

“தெரியாது. எப்படிச் சொல்ல? கண்ணை மூடுனா அந்த ஓட்டைதான் தெரியுது. ஜெபத்துக்குக் குனிஞ்சாலும் அதான். ஆண்டவரே அதுக்குள்ள நின்னு என்னை மேல பார்க்கிற மாதிரி இருக்கு. அதான் நிமிந்துர்றேன். தூங்கி எத்தனை நாளாச்சுன்னு எனக்கே தெரியல. வேலை செய்யிறப்ப மட்டும்தான் அது தெரிய மாட்டேங்குது.”

“சொல்லிரும்மா. உள்ள வச்சுக்கிட்டு இருந்தா நீயும் ஒருநாள் கீழ விழுந்துருவே.”

“அவரு ஏற்கெனவே சுவத்தைப் பார்த்துக்கிட்டுக் கெடக்காரு. இதையும் சொன்னா இந்தப் பக்கம் திரும்பவே மாட்டாரு.”

டோரத்தி இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாள். நான் பெட்ரோல் மூடியைத் திருகினேன்.

அந்த வாரமே மலிண்டா இரண்டாம் அறுப்பை யாரிடமும் சொல்லாமல் ஆரம்பித்துவிட்டாள். திங்கட்கிழமை தானே இரண்டு பெல்ஜியக் குதிரைகளைப் பூட்டிப் பன்னிரண்டு ஏக்கர் புல்லையும் அறுத்துப் போட்டாள். செவ்வாய் காயவிட்டுப் புரட்டினாள். புதன்கிழமை வண்டியேற்றியாக வேண்டும், ஏனென்றால் மேற்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது. காய்ந்த புல் நனைந்தால் பாதிச் சத்து போய்விடும், மிச்சம் பூசணம் பிடிக்கும். இரண்டு கையும் பதின்மூன்று வயதுப் பெண்ணும் வைத்துக்கொண்டு பன்னிரண்டு ஏக்கரை ஒரு நாளில் எப்படி ஏற்றுவதாக நினைத்தாளோ தெரியாது.

அறுத்துப் போட்ட புல் வாசனையை மறைக்க முடியுமா? புதன் காலை ஏழு மணிக்கு சலோமாவின் கணவர் யோஸ்ட், இரண்டு வண்டியும் நாலு குதிரையும் தன்னோடு சேர்த்து எட்டு ஆளுமாக வந்து இறங்கினார். அந்த எட்டில் மூன்று பேரைத் தூரத்துப் பள்ளத்தாக்கிலிருந்து நான் வேனில் ஏற்றி வந்தேன். யோஸ்ட் பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய வயிறு. மலிண்டா புல்வாரியைக் கையில் பிடித்தபடி அவர் குறுக்கே போய் நின்றாள்.

“அண்ணே, நான் கூப்பிடலையே.”

“தெரியும். நீ கூப்பிடுவேன்னு காத்துக்கிட்டு இருந்தா எனக்குத் தாடி முழங்காலைத் தொட்டுரும். நகரு.”

“நாங்க பார்த்துக்குவோம்ணே.”

“யாரு நாங்க? நீயும் இந்தக் குதிரையுமா? குதிரைக்கு இஷ்டமான்னு கேட்டியா? அது மூஞ்சியைப் பாரு.”

ஆட்கள் சிரித்தார்கள். மலிண்டா சிரிக்கவில்லை. யோஸ்ட் குரலைத் தணித்துக்கொண்டார். “தங்கச்சி, நாளைக்கு நான் விழுந்தா நீ வர மாட்டியா? வருவேல்ல? அப்ப இன்னிக்கு வழியை விடு.”

வழியை விட்டாள். ஆனால் வேலையை விடவில்லை. வண்டி வயலில் ஒரு பக்கம் நிறைய, தொழுவத்தில் ஒரு பக்கம் கயிற்றில் பெரிய கவ்வியைக் கட்டி, குதிரையை நடக்கவிட்டுப் புல்லைப் பரணுக்குத் தூக்கினார்கள். தூசியும் வியர்வையும் சேர்ந்து கழுத்தெல்லாம் அரித்தது. எனக்கு அறுபத்தெட்டு வயது, கயிற்றுக் குதிரையை நடத்துகிற வேலையைக் கொடுத்தார்கள். ரோடா புதினாத் தண்ணீரை வாளியில் கொண்டுவந்து எல்லாருக்கும் ஒரே குவளையில் ஊற்றினாள். பரண்மேல் ஆட்கள் ஏறியதிலிருந்து மலிண்டா கீழே நின்று பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் கத்திக்கொண்டிருந்தாள்.

“பலகை! பலகை மூடியிருக்கா?”

“மூடியிருக்கு!”

“காலால மிதிச்சுப் பாருங்க!”

“மிதிச்சாச்சு மலிண்டா! அதுமேல ஆணியடிச்சுட்டு நானே படுத்துக்கிறேன், போதுமா?” என்று மேலிருந்து ஒரு குரல் வந்தது. ஆமோனின் அறை ஜன்னல் தொழுவத்தைப் பார்த்துத்தான் இருக்கிறது, திறந்தும் இருந்தது. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்திருப்பார்.

நண்பகலுக்குள் எட்டு ஏக்கர் உள்ளே வந்துவிட்டது. நாலு ஏக்கர் பாக்கி. மேற்கே வானம் இருண்டு வந்தது. “இருபது நிமிசத்துல சாப்பிட்டு எந்திரிக்கணும். மழை ரெண்டு மணிக்குத்தான் வரும்” என்றார் யோஸ்ட், ஏதோ மழை அவரிடம் சொல்லிவிட்டு வருகிற மாதிரி.

சமையலறையில் நீள மேசை. சலோமா காலையிலிருந்து அடுப்பில் நின்றிருந்தாள். கோழி நூடுல்ஸ், மசியல், குழம்பு, பீட்ரூட் சாறில் ஊறிச் சிவந்த முட்டை, புது ரொட்டி, ஆப்பிள் ஜாம், பெர்ரிப் பழம் வைத்துச் சுட்ட பணியாரம் மூன்று தட்டு. கை கழுவி வந்து உட்கார்ந்தோம். தலைமாட்டு நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. அதற்கு அடுத்த நாற்காலியில் மலிண்டா. எதிரே ஆமோனின் அறைக் கதவு திறந்திருந்தது, அவர் முதுகு தெரிந்தது. எல்லாரும் குனிந்தோம்.

வழக்கம்போல மனசுக்குள் எண்ணினேன். ஆறு வந்தது. பத்து வந்தது. பரவாயில்லை, இவ்வளவு ஆட்கள் முன்னால் கொஞ்சம் மரியாதையாக முடிக்கிறாள் என்று நினைத்தேன். முப்பது வந்தது. எனக்கு எதிரே நூடுல்ஸ் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அறுபது வந்தபோது ஆவி குறைந்திருந்தது. யோஸ்டின் வயிறு சத்தமாக ஒரு கேள்வி கேட்டது. பொடிசுகளில் ஒன்று களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டது.

நான் வெளியாள், எனக்குப் பாவம் கிடையாது என்று ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். மலிண்டா தூங்கிவிட்டாள்.

கைகள் மடியில் கோத்தபடி இருந்தன. தொப்பி ஒரு பக்கம் சரிந்திருந்தது. வாய் லேசாகத் திறந்து, சின்னக் குழந்தை மாதிரி சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ரோடாவும் பார்த்துவிட்டாள். அம்மாவின் முழங்கையைத் தொடக் கையை நீட்டினாள். சலோமா மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கண்ணாலேயே அவளை நிறுத்தினாள். தலையை ஒருதரம் ஆட்டிவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். ரோடாவும் கையை இழுத்துக்கொண்டு குனிந்தாள்.

அவ்வளவுதான். ஒருத்தர்கூட நிமிரவில்லை. முடிக்க வேண்டியவள் முடிக்கவில்லையே, பிறகு எப்படி நிமிர்வது? வேறு எந்த ஊரிலும் யாராவது இருமியிருப்பார்கள், எழுப்பியிருப்பார்கள், குறைந்தபட்சம் ரொட்டியைத் தொட்டிருப்பார்கள். இந்த எட்டு ஆண்பிள்ளைகளும் காலை ஐந்து மணிக்குத் தின்ற வயிற்றோடு, தாடியை நெஞ்சில் புதைத்துக்கொண்டு கிடந்தார்கள். குழம்பின்மேல் ஆடை படிந்தது. ஒரு ஈ பணியாரத்தைச் சுற்றிவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தது.

ஜன்னலில் வெளிச்சம் குறைந்தது. யோஸ்ட் தலையைத் திருப்பி வெளியே பார்த்தார். நானும் பார்த்தேன். நாலு ஏக்கர் புல், பொன் நிறத்தில், வண்டிக்குக் காத்துக்கொண்டு கிடந்தது. இப்போது எழுந்து ஓடினால் இரண்டு ஏக்கராவது தப்பும். அவர் மலிண்டாவைப் பார்த்தார். தாடியைத் தடவினார். பிறகு குனிந்துகொண்டார்.

மழை வந்தது. முதலில் தகரக் கூரையில் பொட்டுப் பொட்டாக விழுந்தது, பிறகு கொட்டித் தீர்த்தது. யாரும் அசையவில்லை. நான் எண்ணுவதை எப்போது விட்டேன் என்று தெரியாது. டோரத்தி கடைசி மாதம் என்னை உட்காரச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தது ஞாபகம் வந்தது. மாத்திரை, படுக்கை, டாக்டர் என்று நானும் இவளைப் போலத்தான் ஓடிக்கொண்டிருந்தேன். ‘சும்மா பக்கத்துல இரு வாலஸ், மத்ததை அவர் பார்த்துக்குவார்’ என்பாள். யார் அந்த அவர் என்று கேட்டு நான் கோபித்துக்கொண்டேன். இப்போது அந்த மேசையில் மழையைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். கண் கலங்கிவிட்டது. சொல்வதற்கு வெட்கமாக இல்லை.

உள் அறையில் கட்டில் கிறீச்சிட்டது. கையால் உந்தி உந்தி, ஆமோன் இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து சுவரை மட்டுமே பார்த்த முகம். கதவு வழியாக மேசையைப் பார்த்தார். குனிந்த தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, கடைசியில் மலிண்டாவிடம் வந்து நின்றார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அவரும் தலையணையில் கண்ணை மூடிக்கொண்டார். நான் மரியாதையாக என் கண்ணையும் மூடினேன்.

அரை மணி நேரத்துக்கு மேல் போயிருக்கும். மலிண்டா தூக்கத்தில் முனகினாள். “பலகை” என்றாள். தோள் துடித்தது. “பலகை… மூடலை… விழுந்துருவாரு…”

அப்போது உள்ளேயிருந்து அது வந்தது.

“ம்க்கும்.”

பதினாறு வருஷப் பழக்கம். மலிண்டாவின் தலை தானாக நிமிர்ந்தது. எல்லார் தலையும் நிமிர்ந்தது. அவள் ஆறிப்போன நூடுல்ஸைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள்.

“புல்லு! ஐயோ, புல்லு! ஏன் யாரும் எழுப்பலை?”

“ஜெபம் நடந்துக்கிட்டு இருந்துச்சு” என்றார் யோஸ்ட். “இத்தனை வருசத்துல இவ்ளோ நல்ல ஜெபத்துல நான் உக்காந்ததே இல்ல. இப்ப அந்த மசியலைத் தள்ளுறியா, இல்ல இன்னொண்ணு இருக்கா?”

மேசை முழுக்கச் சிரிப்பு வெடித்தது. மலிண்டா சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் அறைக்கதவைப் பார்த்தாள். செருமல் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எழுந்து போய்க் கட்டில் ஓரத்தில் மண்டியிட்டாள். கதவைச் சாத்தவில்லை. நாங்கள் கரண்டியையும் தட்டையும் வேண்டிய அளவுக்கு அதிகமாகவே தட்டிக்கொண்டு சாப்பிட்டோம். ஆனாலும் காது கேட்கத்தான் செய்தது.

“பலகையை நான்தான் மூடலை” என்றாள். “அன்னிக்கு. நான்தான்.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“மேல ஏறுனப்பவே பார்த்தேன், தெறந்து கெடந்துச்சு. திரும்பி வர்றப்ப மூடிக்கலாம்னு தாண்டிப் போனேன். தாண்டிப் போனது நான்தானே.”

“அப்ப ஏன் சொல்லலை? அஞ்சு வாரமா…”

“சொன்னா, நீ தெறந்து போட்டேன்னு சொன்ன மாதிரி ஆயிரும்னு நெனைச்சேன். நீ ஒரு எடத்துல நிக்காம ஓடிக்கிட்டே இருந்தே. எம்மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்காமத்தான் ஓடுறேன்னு நெனைச்சுக்கிட்டேன்.”

மலிண்டா அழுதாள். யோஸ்ட் இன்னும் பலமாகத் தட்டைச் சுரண்டினார்.

“ஆண்டவர் மேலயும் கோவம்” என்றார் ஆமோன். “பேசவே இல்லை. இன்னிக்கு நீங்க எல்லாரும் குனிஞ்சுக்கிட்டு எந்திரிக்கவே இல்லையா, எனக்கு எந்திரிச்சுப் போக வழியும் இல்லை. சரின்னு பேச ஆரம்பிச்சேன். நல்லாத் திட்டுனேன். திட்டி முடிச்சப்புறமும் அவரு போகலை, மலிண்டா. இருந்தாரு. மழை பெஞ்சுச்சு. எனக்குன்னு அதுல செய்ய ஒண்ணும் இல்லை. அப்பாடான்னு இருந்துச்சு.”

“நாலு ஏக்கர் போச்சுங்க.”

“போகட்டும். நாளன்னிக்குப் புரட்டிப் போட்டா மாடு தின்னும். மாட்டுக்கு என்ன, போதகரா? கொற சொல்லாது.”

ஐந்து வாரத்தில் அவர் சொன்ன முதல் வேடிக்கை. சலோமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ம், எந்தம்பி வந்துட்டான்” என்றாள். யோஸ்டும் மூன்று பேரும் எழுந்து போய்க் கட்டிலோடு ஆமோனைத் தூக்கி வந்து மேசையின் தலைமாட்டில் வைத்தார்கள். நாற்காலி சுவரோரம் போயிற்று. முதுகுக்கு மூன்று தலையணை வைத்து, ரோடா அவருக்குத் தட்டு வைத்தாள்.

“மச்சான், பணியாரத்துல எனக்கு ஏதாவது மிச்சம் இருக்கா, இல்ல ஜெபத்துலயே தின்னுட்டீங்களா?” என்றார் ஆமோன்.

“ஈ தின்னது போக இருக்கு” என்றார் யோஸ்ட்.

ஆமோனின் கால்கள் அன்றைக்கு அசையவில்லை. இதைச் சொல்கிற இன்றைக்கும் அசையவில்லை. அந்த மழையில் நனைந்த புல் பழுப்பேறி, குளிர்காலம் முழுக்க மாடுகள் அதை முணுமுணுக்காமல் தின்றன. இதெல்லாம் பிறகு நடந்தது.

சாப்பிட்ட பிறகும் அவர்களுக்கு ஒரு ஜெபம் உண்டு. குனிவதற்கு முன்னால் மலிண்டா சலோமா பக்கம் திரும்பினாள். “அண்ணி, சாயங்காலம் கறக்க ரெண்டு பேரை விட்டுட்டுப் போறீங்களா?” என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு கேள்வி வந்ததை நம்ப முடியாமல் சலோமா சும்மா தலையாட்டினாள். எல்லாரும் குனிந்தோம். ஆமோன் நிதானமாக எடுத்துக்கொண்டார். மழை விட்டுச் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு செருமினார்.

எல்லாத் தலையும் நிமிர்ந்தது, ஒன்றைத் தவிர. மலிண்டா மறுபடி தூங்கிவிட்டாள். இந்தத் தடவை முனகவில்லை. ஜெபத்தை முடிக்க ஆள் இருந்தது, அவளுக்கு அது தெரிந்திருந்தது.

ஆமோன் உதட்டில் விரலை வைத்தார். எட்டு ஆண்பிள்ளைகளும் நாற்காலியைச் சத்தமில்லாமல் தூக்கி நகர்த்திவிட்டு, வாசலில் கழற்றிப் போட்டிருந்த பூட்ஸுகளைக் கையில் எடுத்துக்கொண்டு, ஈரப் புல்தரையில் காலுறையோடு நடந்தார்கள். யோஸ்ட் என் வேனில் சாய்ந்து பூட்ஸை மாட்டிக்கொண்டே, “வாலஸ், நீங்களும் அரை மணி நேரம் குனிஞ்சுதானே இருந்தீங்க, என்ன கேட்டீங்க?” என்றார்.

“ஒண்ணும் கேக்கலை” என்றேன். “சும்மா இருந்தேன்.”

அவர் இன்னொரு பூட்ஸையும் மாட்டிக்கொண்டார். வேனைக் கிளப்பினால் சத்தம் கேட்குமே என்று, மூன்று பேரைத் தள்ளச் சொல்லிப் பாதை முனைவரைக்கும் உருட்டிக்கொண்டு போனோம்.